குளிர்காலப் போர்: பன்னிரண்டு நாள் கணக்கும் 105 நாள் சண்டையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1939 நவம்பர் 30 அன்று காலை சோவியத் ஒன்றியத்தின் செஞ்சேனை பின்லாந்தின் எல்லையைக் கடந்தது. அன்றே தலைநகர் ஹெல்சிங்கியின் மீது விமானங்கள் குண்டு வீசின. பத்து அல்லது பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்ற எண்ணத்தில் திட்டமிடப்பட்ட அந்தப் படையெடுப்பு 105 நாள் நீடித்தது. விரைவான வெற்றியை நம்பித் தொடங்கிய போர்கள் வரலாற்றில் பல இருந்தாலும், அந்த நம்பிக்கை எப்படி உருவாயிற்று, எவருடைய எச்சரிக்கை ஒதுக்கப்பட்டது, களத்தில் அதன் விலை என்ன என்று இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பவை சில. இந்தப் போரைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன்.

குளிர்காலப் போரும் பனிப்போரும் ஒன்றா?

இல்லை. பனிப்போர் என்று தமிழில் வழங்குவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரடியாக மோதாமலே பல பத்தாண்டுகள் வளர்த்த பகைமை. குளிர்காலப் போர் அதற்கு முன்னரே, 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை, காட்டிலும் உறைந்த ஏரிகளிலும் நடந்த சண்டை.

சோவியத் ஒன்றியம் எதைக் கேட்டது? பின்லாந்து ஏன் மறுத்தது?

அன்றைய பின்லாந்து எல்லை லெனின்கிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரத்திலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. எதிரி நாடு ஏதேனும் பின்லாந்தின் வழியாக வந்தால் அந்த நகரம் பீரங்கி எட்டும் தூரத்தில் சிக்கிவிடும் என்று ஸ்டாலின் சொன்னார். இது முற்றிலும் கற்பனையான அச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்லாந்து வளைகுடாவுக்கும் லடோகா ஏரிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலமான கரேலியப் பூசந்தியில் எல்லையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பின்லாந்து வளைகுடாவிலுள்ள தீவுகளைத் தர வேண்டும், ஹான்கோ துறைமுகத்தைக் குத்தகைக்கு விட வேண்டும் என்பவை கோரிக்கைகள். ஈடாக வடக்கே கரேலியாவில் ஏறத்தாழ இரு மடங்கு நிலம் தருவதாகவும் சொல்லப்பட்டது.

பரப்பளவை மட்டும் பார்த்தால் பேரம் நியாயமாகத் தோன்றலாம். ஆனால் பின்லாந்து தர வேண்டியிருந்தது தன் காவல் அரண்கள் இருந்த நிலம். பெற இருந்தது பெரும்பாலும் காடு. மேலும், 1939 செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் சோவியத் படைத்தளங்களுக்கு இடம்கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்டதைப் பின்லாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் அடுத்ததும் கேட்கப்படும் என்ற அச்சம் அங்கே பரவலாக இருந்தது. அந்த மூன்று நாடுகளும் 1940 கோடையில் முழுமையாக விழுங்கப்பட்டதை நினைத்தால், அந்த அச்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேச்சுவார்த்தை நவம்பரில் முறிந்தது. நவம்பர் 26 அன்று எல்லையோரச் சோவியத் கிராமமான மைனிலாவில் எறிகணைகள் விழுந்தன. பின்லாந்துதான் சுட்டது என்று மாஸ்கோ குற்றம் சாட்டியது. கூட்டாக விசாரிக்கலாம் என்று பின்லாந்து சொன்னதை ஏற்கவில்லை. அது படையெடுப்புக்குச் சாக்குத் தேடிச் சோவியத் தரப்பே நடத்திய செயல் என்பதே இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு.

பன்னிரண்டு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

செஞ்சேனையின் பீரங்கிப் பிரிவுத் தலைவராக இருந்த நிகோலாய் வோரனோவ் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். போருக்குச் சற்று முன்பு, லெனின்கிராடு ராணுவ மாவட்டத் தளபதி மெரெட்ஸ்கோவைப் பார்க்க அவர் போகிறார். அங்கே துணைப் பாதுகாப்பு ஆணையர் (துணை அமைச்சர் போன்றவர்) குலிக்கும், ராணுவத்தின் அரசியல் பிரிவுத் தலைவர் மெஹ்லிஸும் இருக்கிறார்கள். கரேலியப் பூசந்தியில் சண்டை மூண்டால் எவ்வளவு எறிகணை தேவைப்படும் என்று அவர்கள் கேட்கிறார்கள். தாக்கப் போகிறோமா தற்காக்கப் போகிறோமா, எவ்வளவு படை, எந்தப் பகுதி, எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்கிறார் வோரனோவ். பத்து முதல் பன்னிரண்டு நாள் என்று பதில் வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் முடிந்தாலே தனக்கு மகிழ்ச்சி என்று அவர் சொல்ல, மற்றவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு நாளை வைத்தே கணக்கிட வேண்டும் என்று குலிக் உத்தரவிடுகிறார்.

இந்தப் போரின் முழுக் கதையும் அந்த ஓர் அறைக்குள் இருப்பதாக நான் கருதுகிறேன். நாள் எண்ணிக்கை அங்கே ஆராய்ந்து கண்ட விடையாக வரவில்லை; முகூர்த்தம் குறித்தாயிற்று, இனி அதற்கேற்பப் பந்தல் போடுங்கள் என்பது போலத் தொடக்கத்திலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. எறிகணை எவ்வளவு, வீரனுக்கு எந்த உடை, எந்தச் சாலையில் எத்தனை வண்டி என்பவை எல்லாம் அந்த எண்ணிலிருந்தே பிறந்தன. பன்னிரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்றால் கடுங்குளிருக்கான உடுப்பு எதற்கு, பனிச்சறுக்குப் பயிற்சி எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே வந்துவிடுகிறது.

அந்த எண்ணுக்குப் பின்னால் சில அனுபவங்களும் இருந்தன. 1939 செப்டம்பர் 17 அன்று கிழக்குப் போலந்துக்குள் நுழைந்த செஞ்சேனை பெரிய எதிர்ப்பின்றி முன்னேறியிருந்தது. ஜெர்மனி ஏற்கெனவே முறித்துப் போட்ட நாடு அது என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எஸ்தோனியா முதலிய மூன்று பால்டிக் நாடுகள் ஒரு குண்டும் வெடிக்காமல் பணிந்திருந்தன. எண்ணிக்கையும் துணிவைத் தந்தது: பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 37 லட்சம், லெனின்கிராடு என்ற ஒற்றை நகரத்திலேயே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பின்லாந்திடம் இருந்தவை முப்பது சொச்சம் பழைய டாங்கிகள். எல்லையைக் கடந்த சோவியத் படையில் சுமார் நாலரை லட்சம் வீரர்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாங்கிகளும் இருந்தன.

மாற்றிச் சொன்னவர் ஒருவருமே இல்லையா?

இருந்தார். தலைமைப் படைத் தளபதியான போரிஸ் ஷாபோஷ்னிகோவ், இது எளிய போராக இராது, பல மாதம் பிடிக்கும், பெரும்படையும் நீண்ட ஆயத்தமும் வேண்டும் என்று திட்டம் தந்தார். எதிரியை மிகைப்படுத்துகிறார் என்று ஸ்டாலின் அதை ஒதுக்கிவிட்டு, புதிய திட்டத்தை லெனின்கிராடு ராணுவ மாவட்டத்திடம் ஒப்படைத்தார். ஒரு வல்லரசின் போரை ஒரு மாவட்டமே நடத்தி முடித்துவிடும் என்ற நினைப்பு அந்த முடிவிலேயே தெரிகிறது.

மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்பதற்கு ஸ்டாலின் 1937–38 இல் ராணுவத்துக்குள் நடத்திய களையெடுப்பை நினைவுகூர வேண்டும். ராணுவத்தின் உச்சப் பதவியான மார்ஷல் பட்டம் பெற்ற ஐவரில் துகாசெவ்ஸ்கி, யெகோரோவ், புளூகர் ஆகிய மூவர் அதில் உயிரிழந்தார்கள். ஆயிரக்கணக்கான அதிகாரிகள் சுடப்பட்டோ சிறைப்பட்டோ போனார்கள். எதிர்க்கருத்து சொல்வது துரோகத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும் என்பதை எஞ்சியவர்கள் கண்கூடாகப் பார்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட ராணுவத்தில் மேலிடம் விரும்பும் எண்ணையே கீழிடம் திருப்பிச் சொல்லும். களத்தில் ஒவ்வொரு தளபதியின் அருகிலும் ஓர் அரசியல் ஆணையர் நின்று அவருடைய கட்டளைகளுக்கு ஒப்புதல் தர வேண்டியிருந்ததும் இதோடு சேர்ந்ததே.

பின்லாந்து மக்களே தங்களை வரவேற்பார்கள் என்று சோவியத் தலைமை உண்மையாகவே நம்பியதா?

ஆம், நம்பியதாகவே தெரிகிறது. 1918 இல் பின்லாந்தில் தொழிலாளர் தரப்பான செம்படைக்கும் அதை எதிர்த்த அரசுத் தரப்பான வெண்படைக்கும் இடையே ரத்தம் தோய்ந்த உள்நாட்டுப் போர் நடந்து, தோற்ற தொழிலாளர்கள் பலர் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டிருந்தார்கள். அந்தப் புண் ஆறியிராது, தொழிலாளர்கள் தங்கள் முதலாளிகளுக்கு எதிராக எழுவார்கள் என்று மாஸ்கோ கணக்குப் போட்டது. படையெடுப்பின் மறுநாளே, எல்லையை ஒட்டிய தெரியோக்கி என்ற ஊரில் பின்லாந்துக் கம்யூனிஸ்ட் ஓட்டோ வில்லே கூசினென் தலைமையில் ஒரு “மக்கள் அரசு” அறிவிக்கப்பட்டது. அந்த அரசோடு டிசம்பர் 2 அன்று மாஸ்கோ உடன்படிக்கையும் செய்துகொண்டது.

நடந்தது வேறு. பின்லாந்துக் கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளரும் அப்போது ஸ்டாக்ஹோமில் வாழ்ந்தவருமான ஆர்வோ துவோமினென் அந்த அரசில் சேர மறுத்துவிட்டார். செம்படைக் குடும்பங்களின் பிள்ளைகளும் வெண்படைக் குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே பதுங்குகுழியில் நின்றார்கள். அதுவரை தொழிற்சங்கங்களை ஏற்காதிருந்த முதலாளிகள் கூட்டமைப்பு 1940 ஜனவரியில் அவற்றைப் பேச்சுக்குரிய தரப்பாக ஏற்றது. இருபது ஆண்டுப் பிளவை இவ்வளவு விரைவில் மூடியது படையெடுப்புதான். உள்ளே பிளவுண்ட நாடு தானே சரியும் என்ற நினைப்பில், மக்கள் தங்கள் அரசை வெறுப்பதும் அந்நியப் படையை விரும்புவதும் ஒன்றென்று கொள்ளப்பட்டுவிடுகிறது. திட்டமிட்டவர்களின் மிக ஆழமான பிழை என்று நான் எண்ணுவது இதைத்தான். எறிகணைக் கணக்கைக்கூட இதற்கு அடுத்தபடியாகவே வைப்பேன்.

தவறான நாள் கணக்கு களத்தில் எப்படித் தெரிந்தது?

முதலில் பசியாகத் தெரிந்தது. லடோகா ஏரிக்கு வடக்கே தோல்வாயார்வி பகுதியில், டிசம்பர் 10 ஆம் தேதி இரவு ஒரு சோவியத் படைப்பிரிவு காட்டைச் சுற்றிவந்து பின்லாந்துப் படையின் பின்புறத்தை அடைந்தது. மிக நேர்த்தியான நகர்வு அது. ஆனால் அங்கே ஒரு களச் சமையலறையில் தொத்திறைச்சிக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நாள்கணக்கில் சரியான உணவு இல்லாத வீரர்கள் தாக்குதலை நிறுத்திவிட்டுக் கஞ்சியை அள்ளிக் குடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் பின்லாந்து அதிகாரி ஆரோ பயாரி, சமையல்காரர்கள் உட்பட அருகில் இருந்தவர்களையெல்லாம் திரட்டி எதிர்த்தாக்குதல் நடத்தினார். இருட்டில் நடந்த அந்தக் கைகலப்பை பின்லாந்து மக்கள் இன்றும் “தொத்திறைச்சிப் போர்” என்று அழைக்கிறார்கள். இரு நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, அதே பகுதியில் பின்லாந்துக்கு இந்தப் போரின் முதல் பெரிய வெற்றி கிடைத்தது. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வோர் உண்டு. பனியில் பசியோடு நடத்திவரப்பட்ட இருபது வயதுப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்தது சாலை. பின்லாந்தை இடுப்பில் வெட்டுவது போல நடுவே ஊடுருவி மேற்குக் கரையில் உள்ள ஊலு நகரை அடைவது சோவியத் ஒன்பதாம் படையின் பணி. வரைபடத்தில் அது குறுகிய தூரம். நிலத்திலோ அடர்காட்டின் நடுவே ஒற்றைச் சாலை. டிசம்பர் 7 அன்று அந்தப் படையைச் சேர்ந்த 163 ஆவது டிவிஷன் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும்பிரிவு) சுவோமுசல்மி என்ற ஊரைப் பிடித்தது. பின்வாங்கிய பின்லாந்துப் படை ஊரை எரித்துவிட்டிருந்ததால் ஒண்டுவதற்குக் கூரை இல்லை. அதற்குத் துணையாக உக்ரைனிலிருந்து வந்த 44 ஆவது டிவிஷன், ராட்டே சாலையில் வண்டிக்குப் பின் வண்டியாகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு நின்றது. டாங்கியும் லாரியும் சாலையை விட்டு இறங்க முடியாது. வீரர்களுக்குப் பனிச்சறுக்கு தெரியாது. பலரிடம் வெள்ளை மேலங்கிகூடக் கிடையாது.

பின்லாந்துத் தளபதி யல்மார் சீலாஸ்வுவோவிடம் இருந்த படை மிகச் சிறியது. அவர் முதலில் சாலையை ஓரிடத்தில் மறித்து இரு டிவிஷன்களும் சேரவிடாமல் தடுத்தார். டிசம்பர் இறுதியில் 163 ஐச் சிதறடித்த பிறகு 44 இன் பக்கம் திரும்பினார். சறுக்குப் பலகைகளில் காட்டிலிருந்து வந்து, சாலையில் நின்ற நீண்ட வரிசையைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். இப்படித் தனித்துவிடப்பட்ட துண்டுக்கு “மொத்தி” என்று பெயர். வெட்டி அடுக்கிய ஒரு கன மீட்டர் விறகைக் குறிக்கும் பின்னிய மொழிச் சொல் அது. களச் சமையல் வண்டிகளையும் அனல் மூட்டிய இடங்களையும் குறிவைத்தே அடித்தார்கள். சூடான உணவும் நெருப்பும் இல்லாமற் போனால், அந்தக் குளிரில் மனிதன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? ஜனவரி 8 க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாங்கிகள், பீரங்கிகள், லாரிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் பின்லாந்தின் கையில் சிக்கின.

டிவிஷன் தளபதி வினோகிராதோவ் உயிர் தப்பித் தன் எல்லைக்குத் திரும்பினார். 1940 ஜனவரி 11 அன்று தன் வீரர்களின் முன்னிலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். படைத்தலைமை அலுவலரும் அரசியல் ஆணையரும் அவரோடு கொல்லப்பட்டார்கள். 55 களச் சமையல் வண்டிகளை எதிரியிடம் இழந்தது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. பன்னிரண்டு நாள் என்று எண்ணைக் கொடுத்தவர்களில் எவரும் இதற்காக அப்போது சுடப்படவில்லை.

தோல்விகளுக்குக் குளிர்தானே காரணம்?

பாதிக் காரணம் என்றுகூடச் சொல்லத் தயங்குவேன். 1940 ஜனவரி நடுவில் கரேலியப் பூசந்தியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியையும் தாண்டியது உண்மை. ஆனால் அதே குளிர் பின்லாந்து வீரனையும் வாட்டியது. அவனிடம் அடுப்பு வைத்த கூடாரம், வெள்ளை மேலங்கி, சறுக்குப் பலகை, முடிந்த இடங்களில் நீராவிக் குளியல் அறை எல்லாம் இருந்தன. சோவியத் ஒன்றியம் குளிரை அறியாத நாடல்ல; குளிருக்குள் போர் நீளும் என்று எண்ணாத திட்டம்தான் அதன் வீரர்களை அப்படி அனுப்பியது. மேலும், சதுப்பும் ஏரியும் உறைந்து இறுகியதால் தாக்கும் படைக்கே வழி திறந்த இடங்களும் உண்டு. மார்ச் தொடக்கத்தில் உறைந்த விரிகுடாவின் மேல் நடந்துதான் செஞ்சேனை, கரேலியப் பூசந்தியின் பெரிய நகரான வீபுரியின் மேற்குப் புறத்தை நெருங்கியது.

‘மொலோட்டோவ் காக்டெயில்’ என்ற பெயர் இந்தப் போரில்தான் வந்ததா?

ஆம். பெட்ரோல் புட்டி எறியும் உத்தி ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலேயே இருந்தது. பெயர்தான் இங்கே பிறந்தது. சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோட்டோவ், தங்கள் விமானங்கள் குண்டு போடவில்லை, பசித்த மக்களுக்கு ரொட்டியே போடுகின்றன என்ற பொருளில் பேசியதாகச் செய்தி பரவ, பின்லாந்து மக்கள் கொத்துக் குண்டுகளை “மொலோட்டோவின் ரொட்டிக் கூடை” என்றார்கள். ரொட்டியோடு குடிக்க ஏதாவது வேண்டுமே என்று டாங்கிகள் மீது எறியும் தீப்புட்டிக்கு ‘மொலோட்டோவ் காக்டெயில்’, அதாவது மொலோட்டோவின் கலப்பு மது, என்று பெயர் வைத்தார்கள்.

இறுதியில் சோவியத் ஒன்றியம்தானே வென்றது? பிறகு கணக்கு தவறு என்பது எப்படி?

வென்றது. இதை மறைத்துவிட்டு வீரக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. 1940 ஜனவரி தொடக்கத்தில் ஸ்டாலின் தலைமையை செம்யோன் தீமோஷென்கோவிடம் ஒப்படைத்தார். அவர் செய்தது ஷாபோஷ்னிகோவ் முன்பே சொன்னதைத்தான்: முன்னேற்றத்தை நிறுத்தினார், படையையும் எறிகணையையும் குவித்தார், காலாட்படையும் டாங்கியும் பீரங்கியும் ஒன்றிணைந்து தாக்கப் பயிற்சி கொடுத்தார். பிப்ரவரி 1 அன்று தாக்குதல் தொடங்கியது. பிப்ரவரி 11 அன்று சும்மா (Summa) என்ற ஊர்ப் பகுதியில், பின்லாந்துப் படைத் தலைவர் மன்னர்ஹெய்மின் பெயரால் வழங்கிய, பூசந்தியைக் காத்த அரண்வரிசை உடைந்தது. பின்லாந்தின் எறிகணை தீர்ந்துகொண்டிருந்தது, வீரர்கள் ஓய்வின்றித் துவண்டிருந்தார்கள், பிரிட்டனும் பிரான்ஸும் வாக்களித்த படை வந்துசேரவில்லை. மார்ச் 12 அன்று மாஸ்கோவில் உடன்படிக்கை கையெழுத்தானது.

பின்லாந்து தன் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழந்தது. வீபுரி நகரமும் அதில் போயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு எஞ்சிய நாட்டுக்குள் குடிபெயர்ந்தார்கள். போரில் பின்லாந்து வீரர்கள் 25,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோவியத் இழப்பு பற்றி 1940 மார்ச் இறுதியில் மொலோட்டோவ் சொன்ன எண் 48,745. பின்னாளில் காப்பகங்களை ஆராய்ந்த ரஷ்ய ஆய்வாளர்கள் சொல்லும் எண், இறந்தோரும் காணாமற் போனோரும் சேர்த்து, 1,26,875. கூசினென் அரசு சத்தமின்றிக் கலைக்கப்பட்டது. உலக நாடுகள் சங்கத்திலிருந்து சோவியத் ஒன்றியம் டிசம்பர் 14 அன்றே வெளியேற்றப்பட்டிருந்தது. தொடக்கத்தில் பேசிய நிலத்தைவிட அதிகமாகவே கிடைத்தது என்பது உண்மை. அதற்கு எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.

பின்லாந்துத் தரப்பில் தவறான எதிர்பார்ப்பு இல்லையா?

இருந்தது. வெளியுறவு அமைச்சர் எல்யாஸ் எர்க்கோ, மாஸ்கோ வெறுமனே மிரட்டுகிறது என்று கடைசிவரை எண்ணினார். படையின் நிலையை அறிந்த 72 வயது மன்னர்ஹெய்ம், ஓரளவு விட்டுக்கொடுத்துப் போரைத் தவிர்க்க வேண்டும் என்றே வற்புறுத்தினார்; அவர் முன்னாளில் ரஷ்யப் பேரரசின் படையில் தளபதியாக இருந்தவர், எதிரியின் பலம் அவருக்குத் தெரியும். ஆனால் பேராசையால் போட்ட கணக்கையும் பேரச்சத்தின் நடுவே போட்ட கணக்கையும் ஒரே தட்டில் வைக்க நான் விரும்பவில்லை.

விரைவான வெற்றியை நம்பும் திட்டம் எப்போதுமே பொய்க்கிறதா?

இல்லை, அதுதான் ஆபத்து. 1940 மே 10 அன்று மேற்கே தாக்கிய ஜெர்மனி, ஜூன் 22 இல் பிரான்ஸைப் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட வைத்தது. ஒருமுறை பலித்த துணிவு அடுத்த முறைக்கான ஆதாரமாகிவிடுகிறது. பின்லாந்தில் செஞ்சேனை தடுமாறியதைப் பார்த்த ஹிட்லர், அந்தப் படை உளுத்துப் போனது என்ற முடிவுக்கு வந்தார். 1940 டிசம்பர் 18 ஆம் தேதியிட்ட அவருடைய 21 ஆவது ஆணை, சோவியத் ரஷ்யாவை விரைவான ஒரு போரில் நொறுக்க ஆயத்தமாக வேண்டும் என்கிறது. 1941 ஜூன் 22 அன்று படையெடுப்பு தொடங்கியது. ஜூலை 3 அன்று, இரு வாரத்திலேயே போர் வெல்லப்பட்டுவிட்டது என்று சொன்னால் மிகையில்லை என ஜெர்மன் தலைமைப் படைத் தளபதி ஹால்டர் நாட்குறிப்பில் எழுதினார். ஆகஸ்ட் 11 இல் அதே கை, எதிரிக்குச் சுமார் 200 டிவிஷன் என்று எண்ணியிருந்தோம், இப்போதே 360 எண்ணிவிட்டோம் என்று எழுதியது. டிசம்பரில் ஜெர்மன் மக்களிடம் கம்பளி உடைகளை நன்கொடையாகக் கேட்கும் நிலை வந்தது.

இதற்கிடையில் செஞ்சேனையும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1940 ஏப்ரலில் மாஸ்கோவில் பல நாள் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் களத் தளபதிகள் உடை, உணவு, பயிற்சி, உளவு என்று ஒவ்வொரு குறையையும் எடுத்துப் பேசினார்கள். மே மாதம் வோரோஷிலோவுக்குப் பதிலாகத் தீமோஷென்கோ பாதுகாப்பு ஆணையரானார். சீர்திருத்தம் முழுமை பெறும் முன்பே ஜெர்மன் படை வந்துவிட்டாலும், மாற்றம் தொடங்கியிருந்தது. ஹிட்லர் பார்த்தது 1939 டிசம்பரின் செஞ்சேனையை. 1940 பிப்ரவரியில் அரண்வரிசையை உடைத்த செஞ்சேனையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

ராட்டே சாலையில் இன்று என்ன இருக்கிறது?

சாலை இருக்கிறது, இரு புறமும் அதே காடு. சுவோமுசல்மி அருகே ஒரு திறந்த வெளியில், இங்கே இறந்த இரு நாட்டு வீரர்களையும் நினைத்து ஆயிரக்கணக்கான பாறைக் கற்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். கற்களில் பெயர் இல்லை. எது பின்லாந்து வீரனுக்கு, எது உக்ரைனிலிருந்து வந்தவனுக்கு என்று பிரித்தறிய முடியாது. நடுவே நிற்கும் நினைவுச் சின்னத்தில், போர் நடந்த நாளுக்கு ஒன்றாக 105 மணிகள் தொங்குகின்றன. காற்று வீசும்போது அவை ஒலிக்கின்றன.